பெயர் ஒன்று, கப்பல் இரண்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டர்பன் துறைமுகத்தின் போர்க்காலப் படங்கள் வந்த பிறகு துருப்புக் கப்பல்களைப் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கே: என் தாத்தா ஊருக்குப் போய்விட்டு 1953இல் பம்பாயிலிருந்து 'கரஞ்சா' கப்பலில் டர்பன் திரும்பினார். பயணச்சீட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் 'கரஞ்சா' 1942இல் அல்ஜீரியாக் கரையில் குண்டு விழுந்து மூழ்கியதாகப் படித்தேன். எது சரி? (ஃபீனிக்ஸ் வாசகர்)

ப: இரண்டும் சரி. தாத்தா வந்தது இரண்டாவது 'கரஞ்சா'வில். மூழ்கியது முதலாவது. இரண்டும் பி.ஐ. என்று நம் பெரியவர்கள் சொல்லும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்கள். இரண்டையும் கட்டியது கிளாஸ்கோவின் லின்ட்ஹவுஸில் இருந்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன் தளம்தான். ஆகவே பெயர், கம்பெனி, தளம் மூன்றையும் பார்த்தாலும் குழப்பம் தீராது. கட்டிய ஆண்டைப் பார்க்க வேண்டும்.

முதல் 'கரஞ்சா' 1931இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன் வந்த இரட்டைக் கப்பல் 'கென்யா'. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9,900 டன். நீராவி டர்பைன், இரண்டு சுழலிகள். பம்பாய்க்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் டர்பனுக்கும் இடையே ஆட்களையும் தபாலையும் சரக்கையும் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தன. போர் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படை இரண்டையும் எடுத்துக்கொண்டு, படைகளைக் கரையில் இறக்கும் கப்பல்களாக மாற்றியது. 'கரஞ்சா' தன் பெயரிலேயே எச்.எம்.எஸ். 'கரஞ்சா' ஆனது. 'கென்யா'வுக்கு அது முடியவில்லை. கடற்படையில் ஏற்கெனவே 'கென்யா' என்றொரு குரூசர், அதாவது வேகப் போர்க்கப்பல், இருந்ததால் அது 'கெரன்' ஆயிற்று. கெரன் எரித்திரியாவில் உள்ள மலையூர். 1941 மார்ச்சில் நான்காம், ஐந்தாம் இந்திய டிவிஷன்கள் பெரும் இழப்போடு இத்தாலியரை அங்கே முறியடித்தன.

இந்த இரண்டு கப்பல்களும் நம் துறைமுகத்திலிருந்தே போருக்குப் போனவை என்பதை இங்கே பலர் அறிவதில்லை. 1942 மார்ச் 23 அன்று பிரிட்டனை விட்டுக் கிளம்பிய டபிள்யூ.எஸ். 17 என்ற கான்வாயில், அதாவது போர்க்கப்பல் காவலோடு போகும் கப்பல் கூட்டத்தில் வந்து, ஏப்ரலில் டர்பனில் நின்றன. இலக்கு மடகாஸ்கரின் வடமுனையில் உள்ள டியேகோ சுவாரெஸ். அப்போது அது ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி பிரான்ஸ் அரசின் கையில் இருந்தது. சிங்கப்பூர், ரங்கூன் இரண்டையும் பிடித்துவிட்ட ஜப்பான் அந்தத் துறைமுகத்தையும் பிடித்துவிட்டால், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சூயஸுக்கும் இந்தியாவுக்கும் போகும் பாதை அறுந்துவிடும் என்ற பயம். லாரிகளும் தளவாடங்களும் ஏற்றிய மெதுவான கப்பல்கள் ஏப்ரல் 25 அன்று டர்பனை விட்டன. துருப்புகள் ஏறிய வேகக் கப்பல்கள் 28ஆம் தேதி கிளம்பின. 'கெரன்', 'கரஞ்சா' இவற்றோடு 'வின்செஸ்டர் காசில்', போலந்துக் கப்பலான 'சோபியெஸ்கி' முதலியன. மே 5 விடியுமுன் துறைமுகத்தின் முன்வாசலை விட்டுவிட்டு, பவளப்பாறைகள் நிறைந்த மேற்குக் கரை விரிகுடாக்களில் ஆட்களை இறக்கினார்கள். இரவில் அந்தப் பாறைகளுக்கிடையே பெரிய கப்பல் வராது என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பியிருந்தார்கள். கண்ணிவெடி வாரிகள் முன்னே போய் விளக்கு மிதவைகளைப் போட, அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே கப்பல்கள் உள்ளே நுழைந்தன. கண்ணிவெடியில் சிக்கிய சிறு போர்க்கப்பல் 'ஆரிகுலா' மட்டும் பலியானது. மே 7 அன்று ஊர் விழுந்தது.

இனி 'கரஞ்சா'வின் முடிவு. 1942 நவம்பர் 8 அன்று நேசப்படை அல்ஜியர்ஸில் இறங்கியது. அங்கிருந்து கிழக்கே பூஜி என்ற துறைமுகத்தைப் பிடிக்க 11ஆம் தேதி 36ஆம் பிரிகேடை ஏற்றிக்கொண்டு போன கப்பல்களில் இதுவும் ஒன்று. ஆட்கள் சண்டையின்றி இறங்கிவிட்டார்கள். கோளாறு வேறிடத்தில். பக்கத்து ஊரான ஜிஜெல்லியில் விமானத்தளம் இருந்தது. கடல் வழியாகப் பெட்ரோல் போய்ச் சேர்ந்தால்தான் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் அங்கிருந்து எழுந்து கப்பல்களுக்குக் காவல் நிற்க முடியும். கரையில் அலை கடுமையாக அடித்ததால் பெட்ரோலை இறக்க முடியவில்லை. விமானங்கள் வந்தும் எரிபொருளின்றித் தரையில் கிடந்தன. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது மேலே தடுக்க யாருமில்லை. பி அண்ட் ஓ கம்பெனியின் 'கேத்தே', நியூசிலாந்துக் கப்பல் 'அவடியா', 12ஆம் தேதி 'கரஞ்சா' என மூன்றும் போயின. 'கரஞ்சா' தீப்பிடித்து எரிந்து மூழ்கியது. கப்பலைக் குறை சொல்ல ஏதுமில்லை. திட்டத்தின் அச்சாணியே பெட்ரோல் டின்களாக இருந்தது, அதுதான் கழன்றது.

'கெரன்' தப்பியது. 1943 ஜூலையில் சிசிலித் தரையிறக்கத்திலும் இருந்தது. போருக்குப் பின் கைமாறி, இத்தாலிய சிட்மார் கம்பெனியிடம் 'காஸ்டெல் ஃபெலிசே' என்ற பெயரில் ஐரோப்பியக் குடியேறிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிச் சென்றது. 1970இல் தைவானின் காவ்சியுங்கில் உடைத்தார்கள்.

இழந்த கப்பலின் பெயரைப் புதிதுக்கு வைப்பது கம்பெனிகளின் பழைய வழக்கம். இரண்டாவது 'கரஞ்சா' 1948இல் வந்தது, இணைக்கப்பல் 'கம்பாலா' அதற்கு ஓராண்டு முன். உங்கள் தாத்தா இதில்தான் வந்திருக்கிறார். பம்பாய் டர்பன் ஓட்டம் 1976இல் நின்றது. கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'நான்கௌரி' என்று பெயரிட்டு அந்தமான் பக்கம் ஓட்டியது. சென்னையில் உங்கள் உறவினர் யாராவது அந்தக் காலத்தில் போர்ட் பிளேருக்குக் கப்பலில் போயிருந்தால், தாத்தா ஏறிய அதே கப்பலில் ஏறியிருக்க வாய்ப்புண்டு.

கே: பயணிக் கப்பலைத் தரையிறக்கும் கப்பலாக மாற்ற என்னென்ன செய்வார்கள்? மாணவர்களுக்கு விளக்க வேண்டும். (சாட்ஸ்வொர்த் ஆசிரியை)

ப: முதல் வேலை உயிர்காக்கும் படகுகளைக் கழற்றுவது. அவை தொங்கிய டேவிட்டுகளில், அதாவது படகை ஏற்றி இறக்கும் இரும்புக் கரங்களில், எல்.சி.ஏ. என்ற தாக்குதல் படகுகளைத் தொங்கவிட்டார்கள். அந்தப் படகின் அளவே டேவிட்டை வைத்து முடிவானது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள், சுவையான செய்தி. ஏற்கெனவே உள்ள பயணிக் கப்பல்களில் மாட்ட வேண்டுமென்றால் படகு அளவுக்கு மீறிக் கனக்கக் கூடாது. ஆகவே மரத்தால் செய்து, மேலே மெல்லிய எஃகுத் தகடு போர்த்தினார்கள். நீளம் நாற்பத்தொன்றரை அடி, அகலம் 10 அடி. வெறும் படகு சுமார் 9 டன், ஆளேறினால் சுமார் 13 டன். சிப்பாய்கள் 35 பேர், ஓட்ட 4 பேர். இரண்டு ஃபோர்டு வி-8 பெட்ரோல் எஞ்சின்கள். மூக்குப் பகுதி தண்ணீரில் இரண்டடி அளவே அமிழும் என்பதால் கரைக்கு வெகு அருகில் போகும்.

அடுத்து, டேவிட்டின் பலம். தூக்கும் எடை கூடுவதால் பழைய கரங்களை எடுத்துவிட்டுக் கனமானவற்றைப் பொருத்தி, அடித்தளத்துக்கு முட்டுக் கொடுப்பார்கள். மேல்தட்டில் எடை ஏறினால் கப்பல் அதிகம் ஆடும் என்பதால் அடியில் பாரம் சேர்க்க வேண்டும். கேபின்களின் தடுப்புகள் போகும். கீழ்த்தட்டில் சாப்பாட்டு மேசைகள், இரவில் அதே மேசைக்கு மேலே தூளிப் படுக்கைகள். பிறகு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், தகவல் அறை, காந்தக் கண்ணிவெடியை ஏமாற்ற உடலைச் சுற்றி மின்கம்பி, கடைசியாக எங்கும் சாம்பல் வண்ணம். பி.ஐ.யின் கறுப்புப் புகைபோக்கியும் அதன் இரண்டு வெள்ளைப் பட்டைகளும் மறைந்துவிடும். பழைய புகைப்படத்தில் பட்டை தெரிந்தால் அது போர்க்காலப் படம் இல்லை என்று சொல்லிவிடலாம்.

சரக்கு அடுக்கும் முறையும் மாறும். வணிகக் கப்பலில் இடம் வீணாகாமல் அடுக்குவார்கள். தாக்குதலுக்குப் போகும் கப்பலில் முதலில் கரைக்குப் போக வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். துப்பாக்கி ஒரு கப்பலிலும் அதன் குண்டு இன்னொன்றிலும் இருந்தால், ஒன்று மூழ்கினாலே இரண்டும் பயனற்றுப் போகும். டர்பனில் நின்ற நாட்களில் நடந்த பெரிய வேலை இந்த மறு அடுக்கல்தான்.

எங்கே தவறும்? கப்பல் உருளும்போது படகை இறக்கினால் அது ஊசலாடிப் பக்கச் சுவரில் மோதும். மரப்படகு பிளந்துவிடும். அதனால் இறக்கும்போது கப்பலோடு இழுத்துப் பிடிக்கும் கயிறு போடுவார்கள். படகு தண்ணீரைத் தொட்டதும் முன்கொக்கியும் பின்கொக்கியும் ஒரே நொடியில் விட வேண்டும். ஒன்று முந்திவிட்டால் படகு ஒரு முனையில் தொங்கி, உள்ளே இருப்பவர்கள் கொட்டிப் போவார்கள். முதல் அலைக்குப் பின் வருபவர்கள் கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்று வலையில் இறங்குவார்கள். படகு அலையில் எழும்பும் உச்சத்தில் கால் வைக்க வேண்டும். தாழும்போது குதித்தால் முழங்கால் போகும், கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் விழுந்தால் ஆளே போய்விடுவார். கரையில் அலை படகைக் குறுக்காகத் திருப்பிவிட்டால் அடுத்த அலை உள்ளே நிரம்பும், எஞ்சின் நின்றுவிடும். திரும்பி வந்து அடுத்த நடையை ஏற்ற வேண்டிய படகு கரையில் கிடந்தால் கப்பலில் இருக்கும் பாதிப்பேர் காத்திருக்க வேண்டியதுதான். தட்டையான அடிப்பாகம் என்பதால் வாந்தி மயக்கம் வேறு.

கே: என் பெரிய தாத்தா தென்னாப்பிரிக்கப் படையின் இந்தியன் அண்ட் மலாய் கோர் பிரிவில் டிரைவராக இருந்து எகிப்துக்குப் போனவர். ஒரு பதக்கமும் 'எச்.எம்.டி.' என்று எழுதிய ஒரு துண்டுத்தாளும்தான் மிச்சம். அவர் போன கப்பலைக் கண்டுபிடிக்க முடியுமா? (மெரேபேங்க் வாசகி)

ப: முடியும், ஆனால் வரிசை தவறாமல் போக வேண்டும். கப்பலில் தொடங்காதீர்கள், ஆளில் தொடங்குங்கள்.

பதக்கத்தின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கப் படையினருக்கு வழங்கிய இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் படை எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். பிரிட்டனில் சாதாரணச் சிப்பாய்களின் போர் நட்சத்திரங்கள் பெயரில்லாமல் வந்தன, நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எண்ணுக்கு முன்னால் 'எம்' எழுத்து இருந்தால் இந்தியன் அண்ட் மலாய் கோர், 'சி' என்றால் கேப் கோர், 'என்' என்றால் நேட்டிவ் மிலிட்டரி கோர். பதக்கத்தைப் பளபளப்பாக்க பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் அழிவது அந்த எழுத்துகள்தான்.

எண் கிடைத்ததும் பிரிட்டோரியாவில் உள்ள பாதுகாப்புத் துறை ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். எண், முழுப்பெயர், பிறந்த தேதி, உறவு முறைக்கான சான்று இவை வேண்டும். நம் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரே குடும்பப் பெயராகவும், குடும்பப் பெயர் முதற்பெயராகவும் மாறியிருக்கும். 'முனுசாமி', 'மூனசாமி', 'முன்சாமி' என்று எல்லா வடிவங்களையும் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள். வர வேண்டியது அவருடைய பணிப்பதிவு அட்டை. டர்பனில் கப்பலேறிய தேதியும் சூயஸில் இறங்கிய தேதியும் அதில் இருக்க வேண்டும். கப்பல் பெயரை ரகசியம் கருதிப் பல நேரம் எழுத மாட்டார்கள். பரவாயில்லை, அந்த இரண்டு தேதிகளே போதும்.

இப்போது கப்பலுக்கு வரலாம். 'எச்.எம்.டி.' என்றால் அரசு வாடகைக்கு எடுத்த துருப்புக் கப்பல். கம்பெனி மாலுமிகளே ஓட்டுவார்கள், சிவப்புக் கொடி பறக்கும். 'எச்.எம்.எஸ்.' என்றால் கடற்படையே ஏற்றுக்கொண்டது, வெள்ளைக் கொடி. இந்த வேறுபாடு பெருமைக்காக இல்லை, ஆவணம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். (இன்னொரு பொறி: மீன்பிடி டிராலர்களைக் கடற்படை எடுத்தபோது அவற்றுக்கும் 'எச்.எம்.டி.' என்றே போட்டார்கள். 500 டன் படகில் உங்கள் தாத்தா போயிருக்க மாட்டார்.)

எச்.எம்.டி. என்பதால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பி.டி. 389 வரிசையைப் பாருங்கள். வணிகக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறைமுகத்தில் எந்த நாள் என்று கையால் எழுதிய நகர்வு அட்டை அது. டர்பனிலும் சூயஸிலும் உங்கள் தேதிகள் பொருந்தும் கப்பலைத் தேட வேண்டும். டர்பன் சூயஸ் நடை அடித்த பெருங்கப்பல்களில் 'நியூ ஆம்ஸ்டர்டாம்', 'மாரிடேனியா', 'ஈல் த ஃபிரான்ஸ்' ஆகியவை உண்டு. அவற்றின் அட்டைகளை முதலில் எடுங்கள். கான்வாய் அறிக்கைகள் ஏ.டி.எம். 199, ஏ.டி.எம். 237 வரிசைகளில் உள்ளன. 'கெரன்' போன்ற எச்.எம்.எஸ். கப்பலாக இருந்தால் ஏ.டி.எம். 53 பதிவேடு என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். ஆனால் இரண்டாம் உலகப்போரில் பெரிய போர்க்கப்பல் அல்லாதவற்றின் பதிவேடுகளில் பெரும்பகுதியை வைத்துக்கொள்ளவில்லை. அப்போது ஏ.டி.எம். 187 கை கொடுக்கும். 'பிங்க் லிஸ்ட்' என்ற பெயரில், சில நாளுக்கொருமுறை எந்தக் கடற்படைக் கப்பல் எங்கே என்று அச்சிட்ட பட்டியல் அது.

தேதி பொருந்துவதில் இரண்டொரு நாள் வித்தியாசத்தை விட்டுக்கொடுங்கள். ஆட்கள் ஏறிய நாளும் கப்பல் கிளம்பிய நாளும் ஒன்றாக இருக்காது. கிளாஸ்கோவிலிருந்து வந்தவர்கள் டர்பனில் இறங்கி, கிளேர்வுட் முகாமில் தங்கி, வேறு கப்பலில் ஏறியதும் நடந்தது. கான்வாய் எண்ணை மட்டும் நம்பினால் தவறான கப்பலில் போய் நிற்பீர்கள்.

அவர் கப்பல் தொழிலாளியாக, அதாவது லஸ்காராக இருந்து இறந்திருந்தால் வழி வேறு. பம்பாய், சிட்டகாங் நினைவிடங்களின் பெயர்ப்பட்டியலை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். அங்கும் எழுத்துக்கூட்டல் படுத்தும்.

கே: 'திலாவா' கப்பலில் இருந்தது தங்கமா வெள்ளியா? அது துருப்புக் கப்பலா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

ப: வெள்ளி. துருப்புக் கப்பல் இல்லை, பி.ஐ.யின் பயணிக் கப்பல். பம்பாயிலிருந்து மொம்பாசா வழியாக டர்பனுக்கு வந்துகொண்டிருந்தது. 1942 நவம்பர் 23 அதிகாலையில் சிஷெல்ஸுக்கு வடகிழக்கே ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. மொத்தம் 958 பேரில் 280 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். முதல் டார்பிடோவுக்குப் பிறகும் கப்பல் மிதந்ததால் சிலர் திரும்பி ஏறினார்கள், இரண்டாவது டார்பிடோ அப்போதுதான் வந்தது. 'பர்மிங்ஹாம்' குரூசர் மீட்காவிட்டால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும். தென்னாப்பிரிக்க நாணயச் சாலைக்கு வந்துகொண்டிருந்த 2,364 வெள்ளிக் கட்டிகளை 2017இல் ஒரு தனியார் கம்பெனி எடுத்தது. மீட்புக் கூலி கேட்ட வழக்கில் 2024 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தது.

கே: டர்பன் கடற்கரையில் இத்தாலியப் பிணங்கள் ஒதுங்கியதாக என் ஆயா சொல்வார். இத்தாலிக்கு எதிராகத்தானே போர்? (டோங்காட் வாசகி)

ப: ஆயா சொன்னது உண்மை. அந்தக் கப்பல் 'நோவா ஸ்கோஷியா', பிரிட்டிஷ் துருப்புக் கப்பல். எரித்திரியாவின் மசாவாவிலிருந்து இத்தாலியக் கைதிகளை டர்பனுக்கு ஏற்றி வந்தது. காவலுக்குத் தென்னாப்பிரிக்கச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1942 நவம்பர் 28 காலை, நேட்டால் கரைக்கு அப்பால், ஜெர்மனியின் யு-177 மூன்று டார்பிடோக்களை விட்டது. சாம்பல் வண்ணமும் துப்பாக்கியும் உள்ள கப்பலில் தன் கூட்டாளி நாட்டவர் இருப்பதை அந்தக் கேப்டன் அறியவில்லை. தண்ணீரிலிருந்து தூக்கிய இருவரிடம் பேசிய பிறகுதான் தெரிந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் 'லக்கோனியா' என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கியபோது மீட்பில் ஈடுபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகளை நேசநாட்டு விமானம் தாக்கியதால், இனி மீட்பே கூடாது என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத்தலைவர் டோனிட்ஸ் உத்தரவிட்டிருந்தார். யு-177 விலகிப் போனது. நடுநிலை நாடான போர்ச்சுகலின் 'அஃபோன்சோ டி அல்புகெர்கே' வந்தபோது மிஞ்சியவர்கள் 194 பேர். 858 பேர் இறந்தார்கள். சில நிமிடங்களில் கப்பல் எரிந்து மூழ்கியதால் படகுகளை இறக்க நேரமில்லை. எண்ணெய் படர்ந்த நீர், சுறா, ஒரு முழு இரவு. நீரோட்டம் உடல்களைத் தெற்கே கொண்டுவந்தது.

கே: 'மெண்டி' இன்னும் ஓடுகிறதாமே? 1917இல் மூழ்கியதல்லவா? (லெனேசியா வாசகர்)

ப: மறுபடியும் பெயர்தான். இப்போது ஓடுவது தென்னாப்பிரிக்கக் கடற்படையின் 'மெண்டி' ஃபிரிகேட் போர்க்கப்பல். மூழ்கியது 1905இல் கட்டிய நீராவிக் கப்பல். அதுவும் அலெக்சாண்டர் ஸ்டீஃபன் தளத்துக் கப்பலே. 1917 பிப்ரவரி 21 விடியுமுன், வைட் தீவுக்கு அருகே, கடும் பனிமூட்டத்தில் தன்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய 'டாரோ' சங்கு ஊதாமல் முழு வேகத்தில் வந்து இடித்தது. தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் படையான நேட்டிவ் லேபர் கோரைச் சேர்ந்த கறுப்பினத்தவர் 607 பேர் மாண்டார்கள். 'டாரோ' நின்றும் படகு இறக்கி உதவவில்லை. அதன் கேப்டனுக்குக் கிடைத்த தண்டனை ஓராண்டு உரிமம் நிறுத்தம், அவ்வளவே. அதைக் குறைவு என்றுகூடச் சொல்ல நா வரவில்லை.

கப்பலின் சரித்திரம் கேட்டு எழுதுபவர்கள் அடுத்த முறை பெயரோடு கட்டிய ஆண்டையும், பயணச்சீட்டிலோ படத்திலோ உள்ள தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். பிரிட்டனில் பதிவான கப்பல் என்றால் பதிவு எண்ணும் கிடைத்தால் நல்லது. பெயர் மாறினாலும் பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை அந்த எண் மாறாது.